டீசல் கூட்டத்தில் நான் மொழிபெயர்த்த பதில்

கவிதா மூன்று முறை கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுக்காக அவரும் சில நண்பர்களும் கொண்டுவரும் தமிழ் மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். கவிதா எங்கள் அலுவலகத்தில் எட்டு வருடம் என் பிரிவில் வேலை பார்த்தவர். எரிபொருள் விலைகளையும் விற்பனையையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கண்காணிக்கிற பிரிவு அது.

"சார், இப்ப பெட்ரோலுக்கும் ஐசி, அடையாள அட்டை, செருகுனாத்தான் மானிய விலை. டீசல் விலை வாரா வாரம் மாறுது. நீங்க அப்பவே சொன்னதுல பாதி நடந்துடுச்சு. மீதி எப்ப நடக்கும்னு எழுதுங்க சார். உங்க பாணியில, கொஞ்சம் கிண்டலா."

என் பாணி என்று அவர் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் என்னை யாரும் குணரத்தினம் என்று கூப்பிட்டதில்லை. நான் என்சிக் பசாரான். மலாயில் என்சிக் என்றால் திரு, பசாரான் என்றால் சந்தை. எண்ணெய், எரிவாயு எதற்கும் அரசாங்கம் விலை வைக்கக் கூடாது, சந்தை வைக்கட்டும், ஏழைக்கு உதவ வேண்டுமா, நேரே அவன் கையில் கொடு என்று தேநீர் நேரத்தில் தினமும் பேசியதால் வந்த பெயர். எண்ணெய் மானியத்தைக் காவல் காக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே எண்ணெய் மானியம் கூடாது என்று பேசுகிறவனுக்குப் பெயர் வைக்காமல் இருப்பார்களா?

கவிதா கேட்ட கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு பக்கம் தண்ணீராக ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. எழுத வேண்டியது வேறு ஒன்று என்று தெரிந்துகொண்டே நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஆகவே மலருக்குக் கிண்டல் குறைவான கட்டுரைதான் கிடைக்கப் போகிறது.

நான் குளுவாங்கில் பிறந்தவன். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அரசாங்க வேலை எங்கள் வீட்டில் குலதெய்வம் மாதிரி. பொருளாதாரம் படித்தேன், வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம், பம்புகளில் அளவு பார்க்கக் கற்றோம், யாருடைய கையெழுத்து எங்கே வரவேண்டும் என்று கற்றோம். என் கருத்துகள் எல்லாம் அதற்குப் பிறகு சாலையில் கிடைத்தவை.

ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிங்கப்பூர் எண் கொண்ட ஒரு வெள்ளைக் கார் வந்தது. வெளிநாட்டு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட, மானியமில்லாத விலை உயர்ந்த பெட்ரோல்தான் போட்டார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் எங்கள் விலை உயர்ந்த பெட்ரோலே அவர்களுக்கு மலிவு. டாங்கி நிரம்பி பம்பு நின்றதும் அந்த மனிதர் காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால் இன்னும் ஒரு கோப்பை பிடிக்குமாம். அவருடைய மனைவி கீழே இறங்கி மறுபக்கம் பிடித்து ஆட்டினார். நல்ல உடுப்பு, நல்ல கைக்கடிகாரம். காரை ஆட்டுவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை என்று நான் அறிக்கையில் எழுதினேன். அதைப் படித்து அலுவலகமே சிரித்தது.

சிரிக்க முடியாதவையும் இருந்தன. பாசிர் கூடாங்கில் துத்தநாகத் தகடு அடித்து மறைத்த ஒரு கொல்லை. உள்ளே லோரிகள். ஓட்டுநர் படுக்கிற இடத்தில் இரும்புத் தொட்டி பற்றவைத்திருப்பார்கள். சாலை வாகனங்களுக்கு என்று மலிவாகக் கொடுத்த டீசல், நிலையம் நிலையமாகச் சேர்க்கப்பட்டு, முழு விலை கொடுக்க வேண்டிய தொழிற்சாலைகளுக்குக் கொஞ்சம் குறைத்து விற்கப்படும். நாங்கள் பிடிப்போம், முத்திரை வைப்போம், படம் எடுப்போம். மூன்று மாதத்தில் இன்னொரு கொல்லையில் அதே லோரி வேறு நிறத்தில் நிற்கும். சமையல் வாயுவிலும் இதே கதைதான். வீட்டுக்கென்று மலிவாகக் கொடுத்த உருளைகள் ஸ்கூடாய் உணவகங்களின் பின்கட்டில் வரிசையாக நிற்கும். முதலாளி நம்மைக் கண்டதும் துணியைப் போட்டு மூடிவிட்டு, "மாமா, தேத்தண்ணி குடிங்க" என்பார்.

ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் நடுவில் ஓர் ஓட்டை விழும், எத்தனை காவலர்களைப் போட்டாலும் அந்த ஓட்டை அடையாது என்று எனக்குத் தோன்றியது. கள்ளனைப் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கள்ளனை உண்டாக்குகிற விலைப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் நாங்கள்தான். "நம்ம கடல்ல எடுக்கிற எண்ணெய், நமக்கு எதுக்கு முழு விலை?" என்று கேட்பவர்களிடம், வீட்டுத் தோட்டத்து ரம்புத்தானை நாமே தின்று தீர்த்தாலும் அதை விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் வராமல் போனதுதானே என்பேன். பெரிய கார் வைத்திருப்பவன் பெரிய டாங்கி நிரப்புகிறான், மானியத்தில் பெரிய பங்கும் அவனுக்குத்தான் போகிறது என்பேன். இவற்றையெல்லாம் இன்றும் நம்புகிறேன். நான் வெட்கப்படுவது கருத்துக்காக என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கடைசி மேலதிகாரி புவான் ரொஹானி, அதாவது திருமதி ரொஹானி. என்னைவிட நான்கு வயது இளையவர். மெதுவாகத்தான் பேசுவார், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் தருகிறேன். என் சந்தைப் பிரசங்கங்களை அவர் எதிர்த்ததே இல்லை. ஒருமுறை மட்டும், "சரி குணா, விலையை விட்டுவிடலாம். உதவியை ஆள் பார்த்துக் கொடுக்கலாம். யார் அந்த ஆள் என்று நமக்குத் தெரியுமா?" என்றார். தாளில் இருக்கும் பெயரைப் பார்த்தால் தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பொது விளக்கக் கூட்டங்களுக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வெற்றுச் சீட்டும் ஒரு சின்னப் பென்சிலும் வைக்கச் சொல்வார். கேள்வி உள்ளவர்கள் எழுதலாம், பெயர் எழுதக் கூடாது. ஒரு பிஸ்கட் டின்னை வரிசையாகக் கொடுத்து அனுப்பி எல்லாச் சீட்டையும் வாங்குவார். கேள்வி இல்லாதவர்களும் வெற்றுச் சீட்டை மடித்துப் போட வேண்டும். டின்னைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தானே படிப்பார், பதில் சொல்வார். கேட்டவர் யார் என்று கூட்டத்தைத் தேடிப் பார்க்க மாட்டார். முடிந்ததும் சீட்டுகளை நான்காகக் கிழித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். அலுவலகக் குப்பைத் தொட்டியில்கூடப் போட மாட்டார்.

எனக்கு இது எரிச்சலாக இருக்கும். "புவான், இது விளக்கக் கூட்டமா, அதிர்ஷ்டக் குலுக்கலா?" என்று கேட்டிருக்கிறேன்.

"விலையைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள், குணா," என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். திறந்த சந்தை போலத் திறந்த பேச்சு என்பது என் கட்சி.

டீசலுக்கு மானிய விலை போய்ச் சந்தை விலை வந்த சமயம் அது. நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. பள்ளிப் பஸ், தொழிலாளர் பஸ், சில வகை லோரிகளுக்கு மட்டும் மலிவு விலைக்கு ஓர் அட்டை கொடுப்பதாக ஏற்பாடு. மனுவுக்கு மூன்று தாள் வேண்டும்: வாகனப் பதிவு, ஓட்டும் பெர்மிட், நிறுவனப் பதிவு. மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். தமிழ் பேசும் ஓட்டுநர்களுக்கென்று ஸ்கூடாயில் ஒரு மண்டபத்தில் தனிக் கூட்டம் போட்டார்கள். அதை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வாழ்நாள் முழுக்கத் தேநீர் மேசையில் பேசியதை மேடையில் பேசப் போகிறேன் என்று இரண்டு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் பழனிவேலு என்று ஒருவர் எங்கள் அலுவலகக் கவுண்டருக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். உடம்பு ஒல்லி, சட்டைப் பையில் பேனா. மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றிருந்துவிட்டுக் கடைசியில் வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். கேக்கலாமா கூடாதான்னே தெரியல."

"சும்மா கேளுங்கண்ணே."

"பாசிர் கூடாங்குல ஃபேக்டரி பஸ் ஓட்டுறேன். சொந்த பஸ்ஸுதான், ஆனா பேரு எனக்கு இல்ல. பெர்மிட்டு ஒரு துவான் பேருல. எனக்கெல்லாம் பெர்மிட்டு கெடைக்குமா சார்? அவருகிட்ட வாடகைக்கு எடுத்தது. பெர்மிட்டு பேருலதான் பஸ்ஸும் இருக்கணும்னு கிராண்டும் அவரு பேருல. தவணை நான் கட்டுறேன். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

துவான் என்றால் மலாயில் ஐயா, கிராண்ட் என்பது வாகனப் பதிவுச் சான்று. பெர்மிட் வாடகைக்கு விடுவது இந்த நாட்டில் எல்லோரும் அறிந்த, யாரும் தாளில் எழுதாத வழக்கம். சட்டப்படி குற்றம். நான் தலையாட்டினேன்.

"இப்ப அந்த டீசல் அட்டைய துவான் வாங்கிக்கிறேன்றாரு. வாங்கி எனக்குத் தருவாராம். ஆனா அட்டைக்குத் தனியா வாடகை வேணுமாம் சார். பெர்மிட்டுக்கு ஒன்னு, அட்டைக்கு ஒன்னு. நானா மனுப் போட ஏதாச்சும் வழி இருக்கா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்குள் எழுந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். இருபது வருடமாக நான் பேசிய கோட்பாடு கால் முளைத்து வந்து கவுண்டர் முன்னால் நின்றது. அரசாங்கம் கொடுக்கிற சலுகை ஓட்டுகிறவனுக்குப் போய்ச் சேராது, தாளில் பெயர் உள்ளவனுக்குப் போகும், அவன் அதை வாடகைக்கு விடுவான். இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

கவுண்டரில் இருக்கும் கடைசி எழுத்தர்கூட அவரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இதுக்கு வழி இல்ல. இத வெளிய எங்கயும் பேசாதீங்க. துவான்கிட்ட பேரம் பேசி அட்டைய வாங்கிக்குங்க, ஒன்றரை வருஷம் தள்ளுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கு, வாங்க. இதையே அங்க கேளுங்க," என்றேன். "உங்கள மாதிரி எத்தன பேரு வாயத் திறக்காம இருக்காங்க? எல்லாருக்கும் பிரயோசனமா இருக்கும்."

"மைக்குலயா சார்? பிரச்சன ஒன்னும் வராதே?"

"நான்தானே நடத்துறேன்."

இந்த இரண்டு சொல்லை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் முகம் தெளிந்தது. "சரி சார், நீங்க இருக்கீங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளி வேன் ஓட்டும் பெண்கள், லோரிக்காரர்கள், கட்டுமானத் தளங்களுக்கு மண் ஏற்றுகிறவர்கள். முதல் வரிசையில் புவான் ரொஹானி, தலைமையகத்திலிருந்து வந்த ஒரு துணை இயக்குநர், அழைப்பின் பேரில் வந்த பெர்மிட் உரிம அதிகாரி ஒருவர். மூவருக்கும் தமிழ் தெரியாது. நாற்காலிகளில் சீட்டும் பென்சிலும் வைத்தாகிவிட்டது. நான் மைக்கைப் பிடித்ததும், "இன்னிக்குச் சீட்டு வேணாம். நம்ம ஆளுங்க நாம, மனசு விட்டுப் பேசுவோம்" என்றேன். கைதட்டினார்கள். புவான் ரொஹானி டின்னை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் பேசினேன். காரை ஆட்டிய தம்பதியைச் சொன்னேன், மண்டபம் குலுங்கிச் சிரித்தது. விலை மலிவாக இருந்தால் மிச்சத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று சொன்னேன். ஒரு லோரிக்காரர் எழுந்து, "அப்ப எங்க வாடகைய நாங்க ஏத்துனா ஜனங்க ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும், அதுவரைக்கும்தான் அட்டை என்றேன். அப்புறம் பின்வரிசையில் இருந்த பழனிவேலுவைப் பார்த்துக் கை காட்டினேன்.

அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேள்வியை முழுதாகக் கேட்க நான் விடவில்லை. நான்தான் கேட்டேன்.

"பஸ்ஸு ஓட்டுறது யாரு?"

"நான்தான் சார்."

"தவணை?"

"நான்தான்."

"பெர்மிட்டு யாரு பேருல?"

அவர் என்னைப் பார்த்தார். நேற்றே சொன்னேனே என்கிற பார்வை. "என் பேருல இல்ல சார். வாடகைக்கு எடுத்தது."

"அப்ப அட்டை யாருக்குப் போகும்?"

"துவானுக்கு," என்றார். மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பாதிப் பேருக்கு அதே கதைதான், தன் கதையை இன்னொருவன் சொல்லும்போது வருகிற சிரிப்பு. அவரும் கொஞ்சம் சிரித்தார். "பாத்தீங்களா? மானியம் ஓட்டுறவனுக்குப் போகல, தூங்குறவனுக்குப் போகுது!" என்று நான் முடித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களும் உண்டு.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. தமிழில் பேசியது தமிழில் முடிந்திருக்கும். அந்த மண்டபத்தில் அவரைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் கிடையாது, எல்லோரும் அதே தண்ணீரில் நிற்கிறவர்கள். ஆனால் கைதட்டல் கேட்டதும் துணை இயக்குநர் என்ன விஷயம் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியட்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தெரிந்தால் தலைமையகத்தில் சொல்வார், ஜொகூரில் ஓர் ஆள் இருக்கிறான், கொள்கையை இப்படி விளக்குகிறான் என்று. முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பி, பழனிவேலு நின்றுகொண்டிருக்கும்போதே, நல்ல மலாயில் மொழிபெயர்த்தேன். இவர் பாசிர் கூடாங்கில் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறார். பெர்மிட் இவருடையது அல்ல, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தது. மானிய அட்டை அந்த ஆளுக்குத்தான் போகும், அவர் அதையும் இவருக்கு வாடகைக்கு விடுவார்.

துணை இயக்குநர் புன்னகையோடு தலையாட்டினார். பக்கத்தில் இருந்த உரிம அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் அதைப் பார்த்தேன். என் வாதத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் புவான் ரொஹானி எனக்காகக் காத்திருந்தார்.

"அவர் பெயர் என்ன?"

சொன்னேன்.

"ஏன் அதை மலாயில் சொன்னீர்கள்?"

"புரிய வேண்டுமே என்றுதான், புவான்."

"யாருக்கு?"

இந்த முறை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேரே உரிம அதிகாரியின் காருக்குப் போய், ஜன்னல் பக்கம் குனிந்து வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, "காதில் விழுந்ததை விழாத மாதிரி இருக்க அவரால் முடியாதாம். அவர் சொல்வதும் சரிதான்" என்றார். பிறகு, "உங்கள் விளக்கம் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் என்னை அனுப்பவில்லை. வேறு தண்டனை ஒன்றும் தரவில்லை. தந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, சிப்ட் மாறுகிற நேரத்தில், பாசிர் கூடாங் சாலையில் பழனிவேலுவின் பஸ்ஸை உரிம இலாகாவினர் நிறுத்தினார்கள். உள்ளே வேலைக்குப் போகிற பெண்கள். அவர்களை இறக்கி வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். பெர்மிட் ரத்தானது. பெர்மிட்டுக்குச் சொந்தக்காரர் தான் தப்பித்தால் போதும் என்று, பஸ் தன் பெயரில் இருக்கிறது, ஓட்டியவர் வெறும் கூலி ஆள் என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பஸ்ஸை விற்றும்விட்டார். தாளின்படி அது அவருடையதுதான். பழனிவேலு கட்டிய தவணைக்கெல்லாம் அவர் பெயரில் ஒரு துண்டுத் தாள் கிடையாது. தொழிற்சாலை ஒப்பந்தம் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனது.

கவிதாதான் எனக்கு இதைச் சொன்னார். பஸ்ஸை நிறுத்திய அன்று மதியம் பழனிவேலு எனக்கு மூன்று முறை போன் செய்தார். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நேரில் வந்தார். நான் அறைக்குள்தான் இருந்தேன். வெளியூர் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "பரவால்லங்க, சாரு வந்தா நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் கோழையாக இருந்த நேரங்கள் வேறும் உண்டு. இதுபோல் ஒன்று இல்லை.

என் பிரிவுபசார விருந்தில் இந்தக் கதை வந்தது. பழனிவேலு இப்போது சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார், சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் என்று யாரோ சொன்னார்கள். "அப்புறம் என்ன, என்சிக் பசாரான்? உங்க சந்தை அவரை நல்ல இடத்துலதான் கொண்டுபோய்ச் சேத்திருக்கு!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

கவிதா மூன்றாவது முறை கேட்ட வாரம்தான் பழனிவேலுவின் வீட்டைத் தேடிப் போனேன். பாசிர் கூடாங்குக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், ஓரடுக்கு வீடு, வாசலில் அகலமான சிமெண்டுத் தரை. பஸ் நிறுத்தவென்று போட்டது. இப்போது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருக்கு ஓய்வு நாள். என்னைக் கண்டதும் எழுந்து, "அலமாக், சாரா? வாங்க வாங்க" என்றார். ஆள் இன்னும் மெலிந்திருந்தார். விடியுமுன்பே பாலத்தைக் கடக்க வேண்டுமாம், மோட்டார் சைக்கிள் வரிசையிலேயே பாதி உயிர் போய்விடுமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருடைய மனைவி இந்திராணி தேநீர் கொண்டுவந்தார். அந்த பஸ் ஓடிய காலத்தில் எந்த சிப்டுக்கு யார் வருகிறார்கள், யார் லீவு என்று போனில் கணக்கெடுத்தவர் அவர்தானாம். நான் டீசல் இலாகாவில் இருந்தவன் என்று பழனிவேலு அறிமுகப்படுத்தினார். கூட்டத்தை நடத்தியவன் என்று சொல்லவில்லை.

"டீசலா? அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காதுங்க," என்றார் அந்த அம்மா. "அந்தக் கூட்டத்துக்குப் போகாதீங்கன்னு சொன்னேன். கேட்டாரா? போனதுதான் போனாரு, வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கலாம். தமிழ்ல சொன்னாலும் தமிழ்லயே போயிருக்கும், நம்ம ஆளுங்க யாரு போய்ச் சொல்லப் போறா? இந்த மனுஷன் பெரிய இவராட்டம் ஆபிசருங்க முன்னால அத மலாயில வேற சொல்லிட்டு வந்திருக்காரு. சாதாரண நாள்ல இவருக்கு மலாய் சரியா வராது. அன்னிக்குன்னு பாத்து வந்திருக்கு."

நான் பழனிவேலுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "சரி விடு லா, முடிஞ்சுபோனது. என் வாய்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக இந்த வீட்டில் என் குற்றத்தை அவர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவருடைய கதையை மண்டபத்துக்கே சொன்னேன். அவர் என் பெயரைத் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"அம்மா," என்றேன். "மலாயில சொன்னது அவரு இல்ல. நான்."

அவர் கணவரைப் பார்த்தார். "என்னங்க இது?"

"சாரு எல்லாரோட நல்லதுக்குத்தான் சொன்னாரு," என்றார் பழனிவேலு.

"நல்லதுக்கு இல்லண்ணே. மொத நாளே உங்க கதை எனக்குத் தெரியும். எனக்கு ஒரு உதாரணம் வேண்டியிருந்துச்சு. அதுக்குத்தான் எழுந்து கேக்கச் சொன்னேன். மேல இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்னுதான் மலாயில சொன்னேன்."

இதைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. பழனிவேலு தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த "நல்லதுக்கு" என்ற சொல் தேவைப்பட்டிருக்கிறது என்று தாமதமாகத் தெரிந்தது. அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். "அன்னிக்கு மலாயில என்ன சொன்னீங்களோ, அத அப்படியே சொல்லுங்க. நான் கேக்கணும்."

சொன்னேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை. அந்தச் சின்ன வரவேற்பறையில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பெர்மிட் இவருடையது அல்ல என்று மலாயில் சொன்னேன். வாடகைக்கு எடுத்தது என்று சொன்னேன். அட்டை யாருக்குப் போகும் என்றும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாம்மா."

அவர் எழுந்தார். நான் பாதி குடித்து வைத்திருந்த தேநீர்க் கிளாசை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பழனிவேலு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "ஆறிடுச்சுல்ல, சுட வச்சுக் கொண்டு வருவா சார். இருங்க."

இருவரும் காத்திருந்தோம். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தமும் கேட்டது.